மரப் பாய்மரப் படகு கிட்: கட்டுவதும் மேம்படுத்துவதும் – சென்னையில் கட்டுபவர்களுக்கான கேள்வி பதில்

மரத்தில் பாய்மரப் படகு மாடல் கட்டுவதற்கான கிட்டை வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏரா என்பது படகின் நீளவாக்கில் ஓடும் அடிமரம், வங்கு அதன்மேல் நிற்கும் குறுக்குச் சட்டம், அணியம் முன்பக்கம், பருமல் பாய் தொங்கும் குறுக்குக்கழி.

முதல் தடவை கட்டப்போகிறேன். எந்தக் கிட் வாங்கலாம்?

ஒரு பாய்மரம் உள்ளது, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் கண் போவது 1765-இல் கடலில் இறங்கிய விக்டரி மாதிரியான மூன்றுமரப் போர்க்கப்பல் மேல்தான், பெட்டியின் படம் அப்படி இழுக்கும். ஆனால் நூறு பீரங்கி என்றால் ஒரே வேலையை நூறு தடவை செய்ய வேண்டும், பலர் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டிகள் பாதி வேலையோடு கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

அளவு விகிதம் 1:50 (நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு) அல்லது அதைவிடப் பெரியதாக இருக்கட்டும். சின்ன மாடல் சுலபம் என்று நினைக்காதீர்கள், 1:100-இல் ஒரு முடிச்சு போடுவதற்குள் கண் போய்விடும். அப்புறம், இரட்டைப் பலகை கிட் வாங்குங்கள். முதல் அடுக்கு 1.5 மி.மீ. தடிமன் மலிவு மரம், அதன்மேல் அரை மி.மீ. அளவுக்கு வால்நட் போன்ற நல்ல மரம். முதல் அடுக்கில் வரும் கோணல்களைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை ஒட்டலாம், ஒற்றைப் பலகையில் அந்த வசதி இல்லை.

ஸ்பெயினின் ஆக்ரே, ஆர்ட்டெசானியா லத்தினா, இத்தாலியின் அமாட்டி, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் எல்லாம் பழைய நிறுவனங்கள், வரைபடம் ஒழுங்காக இருக்கும். ரொம்ப மலிவாக வரும் நகல் கிட்டுகளில் மரம்கூடச் சுமாராக இருந்துவிடும், வரைபடம்தான் படிக்கவே முடியாமல் இருக்கும். வரைபடம் இல்லாத கிட் வெறும் குச்சிக்கட்டு.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை என்ன ஆகும்?

பெட்டியில் போட்ட விலையோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாகம் குறைந்தால் தனியாக அனுப்புவார்களா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெட்டி வந்துவிட்டது. உடனே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பாகங்களைப் பட்டியலோடு சரிபார்த்துவிட்டு, மரக்கீற்றுகளை எல்லாம் வெளியே எடுத்து, நீங்கள் வேலை செய்யப்போகும் அறையிலேயே சமதளமாகப் பரப்பி, மேலே நாலு கனமான புத்தகத்தை வைத்து இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் உலர்த்திப் பொட்டலம் கட்டிய மரம் இங்குள்ள ஈரக்காற்றைக் குடித்துக் கொஞ்சம் உப்பும், நெளியும். அதெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் வரைபடத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெட்டி அச்சாகப் பயன்படுத்தலாம், மூலத்தை ராமபாணப் பூச்சி அண்டாத இடத்தில் வையுங்கள்.

மழைக்காலத்தில் கட்டலாமா?

கட்டலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பலருக்கு வீட்டில் உட்கார நேரம் கிடைக்கிறது, அதை ஏன் விடவேண்டும். உண்மையான சிக்கல் மழை இல்லை, ஏசி. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். நவம்பரில் திறந்த ஜன்னல் ஓரம் பலகை ஒட்டி, அதை அப்படியே நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் கொண்டுபோய் வைத்தால் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாக வெடிப்பு தெரியும். ஏசியில் கட்டி வெளியே வைத்தால் பலகை ஒன்றையொன்று நெருக்கி மேடு தட்டும். ஆகவே படகு எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே கட்டுங்கள். மேல்தளத்தை மூடுவதற்கு முன் உட்பக்கம் முழுக்க அரக்கு பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள், ஈரம் உள்ளே போவதும் வருவதும் மெதுவாகும்.

என்னென்ன கருவி வேண்டும்?

நல்ல கத்தி (உடையும் பிளேடு உள்ளது), சின்ன இழைப்புளி, அரம் இரண்டு, மூலைமட்டம், எஃகு அளவுகோல், அரை மி.மீ.-இலிருந்து துளையிடும் சின்னக் கைத்துரப்பணம், 120-இலிருந்து 400 வரை உப்புத்தாள், இரண்டு டஜன் துணி கிளிப். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இதெல்லாம் ஒரே மாலையில் வாங்கிவிடலாம். மின்கருவி எதுவும் முதல் படகுக்குத் தேவையில்லை.

ஏரா லேசாக வளைந்திருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது 1 மி.மீ. வளைவு தெரிந்தாலும் கடைசியில் பாய்மரம் சாய்ந்து நிற்கும். ஏரா வெட்டிய ஒட்டுப்பலகையை ஈரத்துணியால் துடைத்து, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துப் பட்டறைப் பிடியில் இறுக்கி இரவு முழுக்க விடுங்கள். நேரான பிறகு வங்குகளை மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டி, நடுவில் மரத்துண்டுகள் அடைத்துவிட்டால் திரும்பவும் வளைய வழியில்லை.

பலகை ஒட்டுமுன் வங்குகளைத் தேய்க்கச் சொல்கிறார்களே, எவ்வளவு தேய்ப்பது?

இந்தக் கேள்வியில்தான் முழுப் படகும் இருக்கிறது. மேம்படுத்துவது என்றதும் பலரும் பித்தளைச் சாமான், புதுப் பாய் என்று கடைக்குப் போகிறார்கள். ஒரு மாடலைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது முதலில் தெரிவது அதன் வளைவு. வளைவு கெட்டால் மேலே எதை வைத்தாலும் எடுபடாது.

லேசரில் வெட்டிய வங்குகளின் விளிம்பு நேர்க்கோணமாக இருக்கும். படகின் நடுப்பகுதியில் அது சரி. அணியத்துப் பக்கமும் பின்பக்கமும் பலகை சாய்வாக வரும், அங்கே விளிம்பு சாய்வாக இருந்தால்தான் பலகை வங்கின் முழுத் தடிமனிலும் உட்காரும், இல்லாவிட்டால் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கூடவே லேசர் கருக்கிய அந்தப் பழுப்பு விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் அதையும் எடுத்தாக வேண்டும்.

நீளமான மட்டக்குச்சியில் 120 உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரே சமயத்தில் மூன்று வங்குகளையாவது தொடும் நீளம் வேண்டும். ஒவ்வொரு வங்காகத் தனித்தனியே தேய்த்தால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குக் குறையும். கொஞ்சம் தேய்த்ததும் ஒரு மரக்கீற்றை எடுத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மேல்வைத்துப் பிடித்துப் பாருங்கள். எங்காவது கீற்று வங்கைத் தொடாமல் நின்றால் அந்த வங்கு பள்ளம், மெல்லிய மரச்சீவலை ஒட்டி மேடேற்றுங்கள். எங்காவது கீற்று முழங்கை மாதிரி மடங்கினால் அது மேடு, தேயுங்கள். இதை மேலே, நடுவே, கீழே என்று பல உயரங்களில், இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவே பால்சாவோ மெத்தென்ற வேறு மரமோ அடைத்து அதையும் வளைவுக்குத் தேய்த்துவிட்டால், பலகை ஒட்டப் பிடிமானம் கிடைக்கும். இந்த வேலைக்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும்.

பலகை அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, எப்படிப் பிரிப்பது?

பலகையின் அகலத்தைக் குறைக்காமல் அப்படியே ஒட்டுவதால் வருகிற பிரச்சினை. ஒரு காகிதக் கீற்றை எடுத்து நடு வங்கின் மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை சுற்றி அளந்துகொள்ளுங்கள். 100 மி.மீ. வருகிறது, பலகை அகலம் 5 மி.மீ. என்றால் 20 பலகை. இப்போது அணியத்துக்கு அருகிலுள்ள வங்கை அளந்தால் 60 மி.மீ.தான் இருக்கும். அதே 20 பலகை அங்கேயும் அடங்க வேண்டும், அப்படியானால் அந்த இடத்தில் ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஒவ்வொரு வங்கிலும் இப்படி அளந்து பென்சிலால் கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு பலகையும் எங்கே எவ்வளவு குறுக வேண்டும் என்பது கண்ணெதிரே இருக்கும், அதன்படி இழைப்புளியால் சீவிக்கொள்ளலாம்.

பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள், நுனி உடையும், பார்க்கவும் நன்றாக இருக்காது. அப்படி வந்தால் இரண்டு பலகைகளை அணியத்தை எட்டுவதற்கு முன்பே நிறுத்தி, அந்த இடத்தில் ஒரே பலகையைத் தொடரச் செய்வார்கள், நிஜப் படகிலும் இதே வழிதான். பின்பக்கத்தில் பெரும்பாலும் நேர்மாறு, இடம் மிஞ்சும், அங்கே ஆப்பு வடிவத் துண்டு சொருக வேண்டும்.

இடது பக்கம் ஒரு பலகை, வலது பக்கம் ஒரு பலகை என்று மாறி மாறிப் போங்கள். ஒரே பக்கம் ஐந்தாறு ஒட்டினால் பசை காயும்போது ஏராவையே முறுக்கிவிடும். கிட்டில் வரும் பித்தளை ஆணியைப் பாதிவரை மட்டும் அடித்து, பசை காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள்.

பலகையை வளைக்க என்ன வழி?

1.5 மி.மீ. மரத்துக்கு 15, 20 நிமிடம் வெந்நீர் போதும். கடினமாக இருந்தால் இட்லிப் பானை ஆவியில் கொஞ்ச நேரம் வைக்கலாம். வால்நட் முறியும், அதை ஈரமாக்கி, சூடான சோல்டரிங் அயர்னின் தண்டுமேல் அழுத்தி மெதுவாக வளைப்பது நல்லது. எதுவானாலும் ஈரத்தோடு ஒட்டக்கூடாது. வளைத்த பலகையை அதன் இடத்திலேயே கிளிப் போட்டுக் காயவிட்டு மறுநாள் ஒட்டுங்கள், ஈரமாக ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும்.

பெவிகாலா, பெவிகுவிக்கா?

பலகைக்குப் பெவிகால்தான். தள்ளி நகர்த்தி ஒழுங்காக வைக்க நேரம் தரும். நம் ஊர் ஈரத்தில் பெவிகுவிக் இன்னும் வேகமாகப் பிடிக்கும், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரித் தடம் விடும், அந்தத் தடத்தின் மேல் பாலிஷ் ஏறாது. நுனியை மட்டும் பிடித்து நிறுத்த ஒரு சொட்டு, நூல் முடிச்சுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். உலோகத்தை மரத்தோடு ஒட்ட அரால்டைட். படகைத் தண்ணீரில் விடப்போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலிருந்தே பெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசை.

இடைவெளியை மரத்தூளும் பெவிகாலும் கலந்து அடைக்கலாமா?

முதல் அடுக்கில் தாராளமாக. வெளியே தெரியும் இரண்டாவது அடுக்கில் வேண்டாம், பாலிஷ் பட்டதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். அங்கே அதே மரத்தின் சீவலைச் சொருகுங்கள்.

படகு வடிவம் வந்துவிட்டது. எதை முதலில் மேம்படுத்துவது?

அளவுப் பொருத்தத்தை. காசு கொடுத்து அலங்காரச் சாமான் வாங்குவது கடைசி.

1:50 என்றால் 165 செ.மீ. ஆள் 33 மி.மீ. உயரம். அட்டையில் அப்படி ஒரு ஆளை வெட்டி மேல்தளத்தில் நிறுத்திவிடுங்கள். கைப்பிடி அவர் கழுத்துவரை வருகிறதா, கதவில் அவர் நுழைவாரா, கப்பி அவர் தலையைவிடப் பெரியதாக இருக்கிறதா என்று பார்த்தாலே எதை மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிடும். கிட் தயாரிப்பவர்கள் செலவைக் குறைக்க இரண்டே அளவில் கப்பி போடுவார்கள். 20 செ.மீ. கப்பி 1:50-இல் 4 மி.மீ. வரவேண்டும், ஆனால் எல்லா இடத்துக்கும் 5 மி.மீ. கொடுத்திருப்பார்கள். மூலைகள் வேறு சதுரமாக இருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் உட்சுவரில் உப்புத்தாள் ஒட்டி, கப்பிகளைப் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கினால் மூலைகள் மழுங்கி நிஜக் கப்பியின் உருவத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது பாய்மரம். கிட்டில் வருவது அடிமுதல் நுனிவரை ஒரே பருமனான உருளைக் குச்சி. நிஜப் பாய்மரம் மேலே போகப் போக மெலியும், பருமல் நடுவில் பருத்து இரண்டு முனையும் மெலியும். அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரேகை நேராக ஓடும் சதுரக் குச்சி ஒன்றை எடுத்து முதலில் நாலு பக்கமும் மெலிவாகச் சீவி, பிறகு மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கிட் குச்சியைவிட இது வளையாமலும் நிற்கும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை, மாடலின் தோற்றமோ அடியோடு மாறும்.

மேல்தளத்தை எப்படி நிஜம் போலச் செய்வது?

முழு நீளத்துக்கு ஒரே பலகையாக ஒட்டாதீர்கள். நிஜக் கப்பலில் ஆறேழு மீட்டருக்கு மேல் ஒரே பலகை கிடைப்பது அரிது, 1:50-இல் அது 12 முதல் 14 செ.மீ. அந்த அளவுக்கு வெட்டி, பக்கத்துப் பலகையின் மூட்டு ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி ஒட்டுங்கள், ஒரே வரிசையில் மூட்டு திரும்ப வருவதற்குள் நடுவில் மூன்று பலகையாவது போகட்டும். பலகைக்குப் பலகை இருக்கும் கலப்பத்து (நார் திணித்துத் தார் அடைத்த இடுக்கு) கோட்டைக் காட்ட, பலகையின் ஓரத்தில் மென்மையான பென்சிலைத் தீட்டினாலே போதும். கருப்பு மார்க்கர் மரத்துக்குள் ஊறிப் பரவும்.

கிட் மரத்துக்குப் பதில் உள்ளூர் மரம்?

இதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. சன்னபட்னா பொம்மைகள் செய்யும் வெட்பாலை மரம் வெள்ளையாக, ரேகையே தெரியாத அளவுக்கு நைசாக இருக்கும், கப்பி, சின்னச் சாமான்களுக்கு அருமை. மஞ்சக்கடம்பு இளமஞ்சள், சீரான ரேகை, செதுக்க இணங்கும். மரச் சிற்பம், கடைசல் வேலை நடக்கும் பட்டறைகளில் துண்டு துணுக்கு கேட்டால் கிடைக்கும்.

தேக்கை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கோமலீ என்ற போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது, நிஜக் கப்பலுக்கு அதைவிட நல்ல மரம் இல்லை. மாடலில் அதன் ரேகையும் துளைகளும் பூதாகரமாகத் தெரியும். எண்ணெய்ப் பசையும் உண்டு, ஒட்டுமுன் தின்னரால் துடைக்க வேண்டும்.

கயிறு?

கிட்டின் பஞ்சு நூலில் ரோமம் ரோமமாக நிற்கும், ஈரத்துக்கு இறுகும், வறண்டால் தொய்யும். தையல் கடை பாலியெஸ்டர் நூல் மாறாது. நைலான் இழுபடும், வேண்டாம். மூன்று இழைகளை முறுக்கி நீங்களே கயிறு திரிக்கலாம், ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன மோட்டாரும் நாலு கொக்கியும் இருந்தால் கயிறு திரிக்கும் பொறி தயார். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, அவை கரும்பழுப்பு. பாயை ஏற்றும் ஆஞ்சான், இழுத்துக் கட்டும் தாமான் போன்ற ஓடும் கயிறுகள் வெளிர் நிறம். 25 மி.மீ. கயிறு 1:50-இல் அரை மி.மீ. என்பதை மனதில் வைத்து நாலைந்து பருமன் திரித்துக்கொண்டால் ஒரே நூலை எல்லா இடத்திலும் கட்டிய மொட்டைத்தனம் போய்விடும்.

பாய்த்துணி ரொம்பத் தடிமனாக இருக்கிறதே?

நைசான மல் துணி வாங்குங்கள், கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் கொடுக்கும் கடை தேடினால் அகப்படும். தேயிலைத் தண்ணீரில் முக்கி நிறமேற்றுவதை விட நீர்த்த அக்ரிலிக் நல்லது, தேயிலையின் அமிலம் நாள்பட்டால் நூலை நைய வைக்கும். பாய்த்துணி சுமார் 60 செ.மீ. அகலப் பட்டைகளாகத் தைக்கப்படும், மாடலில் 12 மி.மீ.க்கு ஒரு கோடு. தையல் மெஷின் தையல் இந்த அளவுக்குப் பெரிது, கூரான பென்சில் கோடு அதைவிட உண்மையாகத் தெரியும்.

பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது, ஏன்?

காற்றில் ஈரம். மழை நாளில் லாக்கர் அடித்தால் அது உலரும்போது ஈரத்தைப் பிடித்து வெளுக்கும். நல்ல வெயில் நாளில் முற்பகலில் அடியுங்கள். பளபளப்பு வேண்டாம், மேட் பூச்சுதான் மாடலுக்கு அழகு.

இதைத் தண்ணீரில் விட முடியுமா?

காட்சிக்கான கிட்டை அப்படியே விட்டால் சாயும். கட்டிய விதத்தில் குறையில்லை, கணக்கு அப்படி. விகிதத்தில் சிறிதாக்கும்போது நீளம் இருபதில் ஒன்றானால் எடை எட்டாயிரத்தில் ஒன்றாகும், நிஜத்தில் 8 டன் இருந்தது மாடலில் 1 கிலோ. அதே காற்று பாயில் பட்டால், சாய்க்கும் திருப்புவிசை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது, படகை நிமிர்த்தும் திருப்புவிசையோ நான்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. அதாவது மாடல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு எளிதில் கவிழும். நிஜக் கப்பலிலேயே அடியில் எடை போதாமல் மேலே பாரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு 1628-இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா போர்க்கப்பல் சாட்சி.

அதற்கு வழி, ஏராவுக்குக் கீழே கழற்றி மாட்டக்கூடிய ஆழமான தகடு, அதன் அடியில் ஈயம். அலமாரியில் வைக்கும்போது கழற்றிவிடலாம். காசிமேட்டுப் பக்கம் வலைச்சாமான் கடைகளில் ஈயக்குண்டு கிடைக்கும். அதை வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள், குண்டாகவே குழாயில் அடைத்து எபாக்சி (இரண்டு பாகம் கலக்கும் பசை) ஊற்றினால் போதும், தொட்டபின் கையைக் கழுவுங்கள். உடலுக்கு உள்ளும் புறமும் மெல்லிய எபாக்சி ரெசின், வெளியே நைசான கண்ணாடி இழைத்துணி ஒரு அடுக்கு. சுக்கானுக்கு ஒரு சர்வோ (ரிமோட்டுக்குத் திரும்பும் சின்ன மோட்டார்), தாமானை இழுக்கவும் விடவும் இன்னொன்று, இரண்டு சேனல் ரிமோட் போதும். உள்ளே கைவிட மேல்தளத்தில் திறக்கும் மூடி வைக்க மறக்காதீர்கள்.

முதலில் குளியலறைத் தொட்டியில் மிதக்கவிட்டு நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். அப்புறம் அனுமதி கிடைக்கும் நீர்நிலை எதிலாவது, கடற்காற்று எழும் பிற்பகலுக்கு முன்னால், காற்று மெதுவாக இருக்கும்போது விடுங்கள். தூண்டில் நூல் கட்டியிருக்கட்டும். படகு நடுவில் நின்றுவிட்டது என்று ஏரியில் இறங்கவே கூடாது. முட்டுக்காடு மாதிரி உப்புநீரில் விட்டால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கண்ணாடிப் பெட்டி அவசியமா?

அவசியம். சென்னைத் தூசி கயிறுகளில் படிந்தால் துடைக்க வழியே இல்லை. ஆனால் பூச்சில்லாத ஒட்டுப்பலகையிலோ எம்டிஎஃப்பிலோ (மரநார் அழுத்திய பலகை) பெட்டி செய்து காற்றுப் புகாமல் மூடாதீர்கள். அந்தப் பலகைகளிலிருந்து கசியும் அமில ஆவி ஈயம் கலந்த வார்ப்புச் சாமான்களை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பழைய கிட் என்றால் பீரங்கி, நங்கூரம் எல்லாம் அந்த உலோகமாக இருக்க வாய்ப்புண்டு, அவற்றுக்குப் பதில் பித்தளை அல்லது மரம் வைப்பது நல்லது. பெட்டியின் பின்பக்கம் கீழேயும் மேலேயும் சின்னத் துளைகள் போட்டு நைஸ் வலை ஒட்டுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் பித்தளைக்கு லாக்கர் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தேய்ப்பதும் கயிறு திரிப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும். கத்தியும் பெவிகுவிக்கும் உங்கள் கையில்.

ஒன்று முடித்துவிட்டேன். அடுத்து?

இரண்டாவது கிட் என்றால் புளூநோஸ். 1921-இல் கனடாவின் லூனன்பர்க்கில் இறங்கிய இரண்டுமர மீன்பிடிப் படகு, பந்தயங்களிலும் ஜெயித்தது, உருவம் அவ்வளவு லட்சணம்.

கிட் இல்லாமல் கட்டத் துணிந்தால் நம் கரைப் படகுகள் இருக்கின்றன. தூத்துக்குடித் தோணி பாய்மரத்துக்கு ஏற்றது. பாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் மசூலா. சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கடலில் தள்ளி நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த படகு அது. ஆணி கிடையாது, வங்கு கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடிக்கும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். முழுப் படகுக்குப் போகுமுன் ஒரு சாண் நீளத்தில் இரண்டு பலகைத் துண்டுகளில் 1 மி.மீ. துளைகள் போட்டு, மூட்டின் மேல் நார்த்திரி வைத்து, அதைச் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். துளை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தால் மரம் பிளக்காது என்பது அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.